தொடர்வதற்கு முடிவு தேவையில்லை: இஸ்ரேலுக்கான அமெரிக்க ஆதரவின் உள்கட்டுமானம்

கேள்வி

1957 பிப்ரவரி 20 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவர் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தம் மக்களிடம் பேசினார். முந்தைய ஆண்டு அக்டோபரில் பிரிட்டனோடும் பிரான்ஸோடும் கைகோத்து எகிப்தின் மீது படையெடுத்திருந்த இஸ்ரேல், காசாவிலிருந்தும் அகபா வளைகுடாவின் வாயிலிலிருந்தும் விலக மறுத்துக்கொண்டிருந்தது. ஐ.நா.வின் கண்டனத்தைப் பொருட்படுத்தாமல் அயல் நிலத்தைப் பிடித்த ஒரு நாடு, தன் விலகலுக்குத் தானே நிபந்தனை விதிக்கலாமா என்று அவர் கேட்டார். செனட்டில் பெரும்பான்மைக் கட்சியின் தலைவரான லிண்டன் ஜான்சன், ஐசனோவரின் சொந்தக் கட்சியைச் சேர்ந்த நோலண்ட் இருவருமே இஸ்ரேல் மீது தடை விதிப்பதை எதிர்த்தார்கள். ஐசனோவர் பின்வாங்கவில்லை. மார்ச் மாதம் இஸ்ரேல் விலகியது.

அறுபத்தேழு ஆண்டுகள் கழித்து, 2024 மே மாதம், பைடன் அதே காசாவை முன்னிட்டு இஸ்ரேலுக்குச் செல்லவிருந்த ஒரு தொகுதி வெடிகுண்டுகளை நிறுத்திவைத்தார். 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டு, 251 பேர் பணயக் கைதிகளாகக் கொண்டுசெல்லப்பட்டதை அடுத்துத் தொடங்கிய போர் அது. 2024 ஜனவரியில் சர்வதேச நீதிமன்றம் இனப்படுகொலை உடன்படிக்கையின் கீழ் இடைக்கால உத்தரவுகளைப் பிறப்பித்தது. அதே ஆண்டு நவம்பரில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் இஸ்ரேலியப் பிரதமர் நெதன்யாகுவுக்குப் பிடியாணை விடுத்தது. 2025 ஜூலை இறுதியில் காசா சுகாதார அமைச்சகத்தின் கணக்குப்படி இறந்தவர்கள் 60,000 பேரைத் தாண்டினர். இத்தனைக்கும் நடுவே வெளிப்படையாக நிறுத்தப்பட்டது, 2,000 பவுண்டு, 500 பவுண்டு குண்டுகள் அடங்கிய அந்த ஒரு தொகுதிதான். 500 பவுண்டு குண்டுகள் ஜூலையிலேயே விடுவிக்கப்பட்டன. 2,000 பவுண்டு குண்டுகளை 2025 ஜனவரியில் டிரம்ப் விடுவித்தார். மற்ற ஆயுதங்கள் சென்றுகொண்டே இருந்தன.

இந்த இரு காட்சிகளுக்கும் இடையில் என்ன நடந்தது என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. பொதுவாக இக்கேள்வி 'அமெரிக்கா ஏன் இஸ்ரேலை ஆதரிக்கிறது?' என்று கேட்கப்படுகிறது. அப்படிக் கேட்கும்போதே, வாஷிங்டனில் யாரோ ஒருவர் லாபநட்டத்தை எடைபோட்டு ஒவ்வொரு முறையும் ஆதரவைப் புதிதாகத் தேர்ந்தெடுக்கிறார் என்ற கற்பனை அதற்குள் புகுந்துவிடுகிறது. சான்றுகள் வேறொன்றைக் காட்டுகின்றன என்பது என் வாதம். இந்த ஆதரவைத் தொடர எவரும் முடிவெடுக்க வேண்டியதில்லை. நிறுத்தத்தான் முடிவெடுக்க வேண்டும். தொடர்வதன் விலை பலர்மீதும் பல ஆண்டுகள்மீதும் பரவிக் கரைந்துவிடுகிறது. நிறுத்துவதன் விலையோ ஒரு பெயர்மீது, ஒரு தேர்தல்மீது மொத்தமாக இறங்குகிறது. இந்த ஏற்பாடு தானாக அமைந்ததில்லை. ஐம்பதாண்டுக் காலத்தில் சட்டம் சட்டமாக, ஒப்பந்தம் ஒப்பந்தமாகக் கட்டப்பட்டது.

தொடக்கத்தில் இல்லாத உறவு

ட்ரூமன் 1948 மே 14 அன்று இஸ்ரேல் பிரகடனம் செய்யப்பட்ட பதினோராவது நிமிடத்தில் அதை அங்கீகரித்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. அவருடைய வெளியுறவு அமைச்சர் மார்ஷல் அதைக் கடுமையாக எதிர்த்தார் என்பதும் ஓரளவு அறியப்பட்டதே. அதே ட்ரூமன் அரசு 1947 டிசம்பரிலிருந்து அப்பகுதிக்கு ஆயுதத் தடை விதித்திருந்தது என்பதுதான் அதிகம் பேசப்படுவதில்லை. 1948 போரில் இஸ்ரேலுக்குக் கைகொடுத்தவை செக்கோஸ்லோவாக்கிய ஆயுதங்கள். 1967 போரில் எகிப்திய விமானத் தளங்களைத் தகர்த்தவை பிரெஞ்சு விமானங்கள். டிமோனா அணு உலையும் பிரான்ஸின் துணையோடு எழுந்தது. அமெரிக்காவின் முதல் பெரிய ஆயுத விற்பனை, 1962இல் கென்னடி ஒப்புக்கொண்ட ஹாக் ஏவுகணைகள்தான்.

திருப்பம் வந்தது 1967க்கும் 1973க்கும் இடையில். 1967இல் டி கால் ஆயுதத் தடை விதித்தபோது பிரான்ஸின் இடம் காலியானது. 1970 செப்டம்பரில் ஜோர்டானுக்குள் சிரியப் படைகள் நுழைந்தபோது, வாஷிங்டனின் வேண்டுகோளின்பேரில் இஸ்ரேல் படைதிரட்டியது. 1970இல் சுமார் 9 கோடி டாலராக இருந்த மொத்த உதவி அடுத்த ஆண்டே 63 கோடி டாலராயிற்று. 1973 அக்டோபர் போரின்போது நிக்சன் 22,000 டன்னுக்கும் மேற்பட்ட தளவாடங்களை விமானங்களில் அனுப்பினார். 220 கோடி டாலர் அவசர உதவியையும் கேட்டார். அதற்கு அமெரிக்கா கொடுத்த விலை அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை. ஆக, இவ்வுறவுக்குத் தொடக்கத் தேதி உண்டு. தொடக்கம் உள்ள ஒன்றைத் தொன்மைப் பிணைப்பு என்று விளக்குவது போதாது.

நிலவும் மூன்று விளக்கங்கள்

முதல் விளக்கம் பயன் சார்ந்தது. மத்தியக் கிழக்கில் அமெரிக்க நலன்களின் காவலாளி இஸ்ரேல் என்பது அதன் சாரம். இடதுசாரியான நோம் சோம்ஸ்கியும் பனிப்போர்க்கால வலதுசாரி வியூகவாதிகளும் எதிரெதிர் மதிப்பீடுகளோடு இந்த ஒரே இடத்தில் வந்து நிற்பது கவனிக்கத்தக்கது. 1970 ஜோர்டான் நெருக்கடி இதற்கு வலுவான சான்று. ஆனால் 1991 வளைகுடாப் போர் இதற்கு நேரெதிரான சான்று. ஈராக் தன் ஸ்கட் ஏவுகணைகளை டெல் அவீவ் மீது வீசியபோது, இஸ்ரேல் போரில் இறங்கிவிடாமல் தடுப்பதே வாஷிங்டனின் பெரும் கவலையாக இருந்தது. அது இறங்கினால் அரபு நாடுகள் கூட்டணியிலிருந்து விலகிவிடும். காவலாளியைக் காப்பதற்கு அமெரிக்காவே பேட்ரியட் ஏவுகணைகளை அனுப்ப வேண்டியிருந்தது. அவ்வாண்டின் இறுதியில் சோவியத் ஒன்றியமும் மறைந்தது. பயன்தான் காரணம் என்றால் 1990களில் உதவி சரிந்திருக்க வேண்டும். சரியவில்லை.

இரண்டாவது விளக்கம் செல்வாக்குக் குழுக்கள் பற்றியது. ஜான் மெர்ஷைமரும் ஸ்டீஃபன் வால்ட்டும் 2006இல் கட்டுரையாகவும் 2007இல் நூலாகவும் முன்வைத்த வாதம் அது. ஐபேக் போன்ற இஸ்ரேல் ஆதரவு அமைப்புகள் இல்லாவிட்டால் அமெரிக்கா தன் நலனுக்கு மாறான இக்கொள்கையைக் கடைப்பிடித்திராது என்றார்கள். அவர்கள்மீது பொழியப்பட்ட வசைகளைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், வாதத்தில் கணிசமான உண்மை இருக்கிறது. 1975இல் ஃபோர்டு இஸ்ரேல் கொள்கையை 'மறுபரிசீலனை' செய்யப்போவதாக அறிவித்தபோது 76 செனட்டர்கள் கையெழுத்திட்ட கடிதம் அவர் மேசைக்கு வந்தது. ஆயினும் இதே குழுக்கள் பெரிய போர்களில் தோற்றிருக்கின்றன. 1981இல் சவூதி அரேபியாவுக்கு அவாக்ஸ் கண்காணிப்பு விமானங்கள் விற்பதைத் தடுக்கப் பார்த்துச் செனட்டில் 52க்கு 48 என்ற கணக்கில் தோற்றன. 2015 ஈரான் அணு உடன்பாட்டைத் தடுக்க முடியவில்லை. தூதரகத்தை ஜெருசலேமுக்கு மாற்ற 1995இல் நாடாளுமன்றமே சட்டம் இயற்றிய பிறகும், 2017 டிசம்பர் வரை ஒவ்வொரு குடியரசுத் தலைவரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை விலக்கு ஆணையில் கையெழுத்திட்டுத் தள்ளிப்போட்டார்கள். இந்த வெற்றி தோல்விகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதைக் காப்பதில் இக்குழுக்கள் வெல்கின்றன. குடியரசுத் தலைவர் ஒரு புதிய காரியத்தில் உறுதியாக நிற்கும்போது தோற்கின்றன. அவற்றின் பலம் தாமே உந்துவதில் இருப்பதைவிட, உந்தப்பட்டது நிற்காமல் பார்த்துக்கொள்வதில் இருக்கிறது.

மூன்றாவது விளக்கம் உணர்வு சார்ந்தது. யூதப் பேரழிவின் நினைவு, விவிலியப் பற்று, குடியேறிகளின் நாடு என்ற ஒற்றுமை ஆகியவற்றை அது எடுத்துக்காட்டுகிறது. எவாஞ்சலிகக் கிறித்தவர்களின் ஆதரவு இன்று குடியரசுக் கட்சிக்குள் எவ்வளவு கனமானது என்பதை மறுக்க முடியாது. ஆனால் உணர்வு கொள்கையை நடத்துகிறது என்றால், உணர்வு மாறும்போது கொள்கையும் மாற வேண்டும். 2025 பிப்ரவரியில் கேலப் நிறுவனம் நடத்திய கணிப்பில் ஜனநாயகக் கட்சியினரில் 59 விழுக்காட்டினர் பாலஸ்தீனர்கள்மீதும் 21 விழுக்காட்டினர் மட்டுமே இஸ்ரேலியர்மீதும் அதிகப் பரிவு கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். பரிவு இப்படித் தலைகீழாகிக்கொண்டிருந்த ஆண்டுகளில்தான், அதே கட்சியின் குடியரசுத் தலைவர் 2024 ஏப்ரலில் வழக்கமான உதவிக்கு மேல் 870 கோடி டாலர் இராணுவ நிதிக்குக் கையெழுத்திட்டிருந்தார்.

மூன்று விளக்கங்களும் உறவு ஏன் தொடங்கியது, ஏன் விரிந்தது என்பதைச் சொல்ல உதவுகின்றன. அவை குறிப்பிடும் காரணங்கள் நலியும்போதும் உறவு ஏன் நலியவில்லை என்பதுதான் அவற்றால் விளக்க முடியாத மிச்சம்.

இரண்டு ஒப்பீடுகள்

இந்த மிச்சத்தை விளங்கிக்கொள்ள, அமெரிக்கா ஆதரித்துப் பிறகு கைவிட்ட நாடுகளைப் பார்க்க வேண்டும். நம் துணைக்கண்டத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1971இல் கிழக்குப் பாகிஸ்தானில் யாஹ்யா கானின் படைகள் நடத்திய படுகொலையை டாக்காவிலிருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி ஆர்ச்சர் பிளட்டும் அவருடைய சகாக்களும் தந்தி மூலம் எதிர்த்து எழுதினார்கள். நிக்சனும் கிஸ்ஸிஞ்சரும் அதைப் புறந்தள்ளினர். சீனாவுக்கு இரகசிய வழி திறந்துகொடுத்தவர் யாஹ்யா கான். அவ்வாண்டு ஜூலையில் கிஸ்ஸிஞ்சர் பெய்ஜிங் போனதே பாகிஸ்தான் வழியாகத்தான். டிசம்பரில் எண்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பல் வங்காள விரிகுடாவுக்கு வந்தது. கொலைக்குற்றம் சாட்டப்பட்ட கூட்டாளிக்காக அமெரிக்கா எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஆனால் அந்த உறவின் பிற்காலத்தைப் பாருங்கள். 1979இல் அணு ஆயுத முயற்சியைக் காரணம் காட்டிக் கார்ட்டர் உதவியை வெட்டினார். சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் வந்ததும் 1981இல் ரீகன் 320 கோடி டாலர் தந்தார். அப்படைகள் 1989 பிப்ரவரியில் வெளியேறின. 1990 அக்டோபரில், பாகிஸ்தானிடம் அணு ஆயுதம் இல்லை என்று சான்றளிக்க இனி முடியாது என்று மூத்த புஷ் சொல்லிவிட, பிரெஸ்லர் திருத்தத்தின்படி உதவி நின்றது. பணம் கட்டிய எஃப்-16 விமானங்கள்கூட ஒப்படைக்கப்படவில்லை. 2001க்குப் பின் மீண்டும் வெள்ளம்போல் உதவி. 2018 ஜனவரியில் டிரம்ப் மீண்டும் நிறுத்தினார். பயன் இருந்தவரை பணம், பயன் தீர்ந்ததும் சட்டத்தின் நினைவு. காரணம், பாகிஸ்தானுக்கான உதவி ஒவ்வோராண்டும் ஒரு சான்றிதழைச் சார்ந்திருந்தது. அதாவது அங்கே தொடர்வதற்குத்தான் முடிவு தேவைப்பட்டது. இஸ்ரேலின் அணுத்திறனைப் பொறுத்தவரை, 1969இல் நிக்சனும் இஸ்ரேலியப் பிரதமர் கோல்டா மேயரும் செய்துகொண்ட எழுதப்படாத உடன்பாடு அந்தக் கேள்வியையே மேசையிலிருந்து அகற்றிவிட்டது. இஸ்ரேல் அறிவிக்காது, அமெரிக்கா கேட்காது. கேட்கப்படாத கேள்விக்குச் சான்றிதழ் வேண்டியதில்லை.

இரண்டாவது ஒப்பீடு நிறவெறித் தென்னாப்பிரிக்கா. அங்கோலாவில் கியூபப் படைகள் இருந்த காலத்தில் பிரிட்டோரியா அமெரிக்காவுக்குப் பயனுள்ள கூட்டாளியாகவே தெரிந்தது. ரீகன் அதனுடன் ஒத்துப்போகும் கொள்கையை வகுத்திருந்தார். தேவாலயங்களும் நாடாளுமன்றத்தின் கறுப்பின உறுப்பினர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 1986இல் நாடாளுமன்றம் தடைச் சட்டம் இயற்றியது. ரீகன் வீட்டோ செய்தார். அவருடைய கட்சியே பெரும்பான்மையாக இருந்த செனட் 78க்கு 21 என்ற கணக்கில் அந்த வீட்டோவை முறியடித்தது. இந்த வெற்றியை எண்ணி இன்றைய போராட்டக்காரர்கள் நம்பிக்கை கொள்வது இயல்பே. ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக் கூடாது. 1977இலிருந்தே ஐ.நா. பாதுகாப்பு அவை தென்னாப்பிரிக்காவுக்குக் கட்டாய ஆயுதத் தடை விதித்திருந்தது. பிரிட்டோரியாவுக்குப் போகும் இராணுவ நிதியென்று ஒன்று அமெரிக்க வரவுசெலவுத் திட்டத்தில் இல்லை. அதற்காக ஏவுகணை உதிரிபாகம் செய்யும் தொழிலாளியும், அவருடைய மாநிலத்துக்கு ஒரு செனட்டரும் இல்லை.

பணம் போகும் வழி

இனி இக்கட்டுமானத்தை நெருங்கிப் பார்க்கலாம். செய்தித்தாள்கள் அதிகம் எட்டிப்பார்க்காத பகுதி இது. உதவி ஆண்டுதோறும் ஒதுக்கப்படுகிறது என்பது சட்டத்தின் எழுத்து. நடைமுறையில் அதைப் பத்தாண்டுப் புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் நிர்ணயிக்கின்றன. 2007இல் கையெழுத்தானது 3,000 கோடி டாலருக்கு. 2016 செப்டம்பரில் ஒபாமா அரசு கையெழுத்திட்டது 2019 முதல் 2028 நிதியாண்டு வரை 3,800 கோடி டாலருக்கு. அதில் 3,300 கோடி ஆயுதங்களுக்கு, 500 கோடி ஏவுகணைத் தடுப்புக்கு. நெதன்யாகுவோடு வெளிப்படையாக மோதிய ஒபாமாவே, அதுவரை அளிக்கப்பட்டவற்றுள் மிகப் பெரிய தொகைக்கு ஒப்புக்கொண்டார் என்பதை ஒருகணம் நினைத்துப்பார்க்க வேண்டும். இவ்வொப்பந்தம் சட்டப்படி நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதில் சொல்லப்பட்ட தொகையே ஒவ்வோராண்டும் அடிப்படை எண்ணாக வரவுசெலவுத் திட்டத்தில் ஏறிவிடுகிறது. அடிப்படை எண்ணை யாரும் விவாதிப்பதில்லை. அதற்கு மேலே கூட்டுவதையோ குறைப்பதையோதான் விவாதிப்பார்கள்.

மற்ற நாடுகளுக்கு உதவி தவணைகளாகப் போகும். இஸ்ரேலுக்கு, ஒதுக்கீட்டுச் சட்டம் நிறைவேறிய முப்பது நாளுக்குள் ஆண்டுத் தொகை முழுவதும் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் வட்டி ஈட்டும் கணக்கில் சேர்கிறது. இந்த ஏற்பாடு 1990களின் தொடக்கத்திலிருந்து இருக்கிறது. ஆண்டின் நடுவில் ஒரு தவணையை நிறுத்தி எச்சரிக்கும் வழியே இதனால் அடைபட்டுவிடுகிறது. இதைவிட முக்கியமானது இன்னொரு சலுகை. வரும் ஆண்டுகளில் வரப்போகும் உதவியை நம்பி இன்றே பல்லாண்டுக் கொள்முதல் ஒப்பந்தம் போட இஸ்ரேலுக்கு அனுமதி உண்டு. எஃப்-35 போன்ற விமானங்கள் இப்படித்தான் வாங்கப்படுகின்றன. விளைவு என்னவென்றால், அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் வாக்களிக்கப்போகும் பணம் முந்தைய ஆண்டே ஓர் அமெரிக்க நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் கட்டுண்டு கிடக்கிறது. அதை மறுப்பது இஸ்ரேலுக்கு மறுப்பது மட்டுமாக இருக்காது. சொந்த நாட்டு ஆலை ஒன்றின் உற்பத்தித் திட்டத்தை உடைப்பதாகவும் ஆகும்.

இந்த முடிச்சை 2016 ஒப்பந்தம் இன்னும் இறுக்கியது. அதற்கு முன் உதவித்தொகையில் சுமார் நான்கில் ஒரு பங்கை இஸ்ரேல் தன் நாட்டிலேயே செலவிடலாம். லாவி என்ற சொந்தப் போர்விமானத் திட்டத்தை 1987இல் அமெரிக்க நெருக்குதலால் கைவிட்ட வரலாற்றோடு தொடர்புடைய சலுகை அது. புதிய ஒப்பந்தப்படி அந்தப் பங்கு படிப்படியாகக் குறைந்து 2028இல் இல்லாமல் போகிறது. பணம் முழுவதும் அமெரிக்காவிலேயே செலவாக வேண்டும். ஒபாமா அரசு இதைத் தன் வரி செலுத்துவோருக்கான ஆதாயமாகச் சொன்னது. ஆதாயம்தான். கூடவே, உதவி தொடர்வதில் அமெரிக்க மாநிலங்கள் கொண்ட அக்கறையும் கூடியது. அயர்ன் டோம் என்ற ஏவுகணைத் தடுப்பு அமைப்பு இஸ்ரேலியக் கண்டுபிடிப்பு என்றாலும், 2014 உடன்பாட்டுக்குப் பின் அதன் தடுப்பு ஏவுகணைக்கான பாகங்கள் அமெரிக்காவில் ரேதியான் நிறுவனத்தின் வழியே தயாராகின்றன. ஆர்கன்சா மாநிலத்தின் கேம்டன் நகரில் அந்த ஏவுகணைக்கே ஓர் ஆலை அமைக்கும் திட்டம் 2023இல் அறிவிக்கப்பட்டது.

சட்டங்களின் அமைப்பும் இதே திசையில்தான். பெரிய ஆயுத விற்பனை ஒன்றை அரசு அறிவித்தால், அதைத் தடுக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். இஸ்ரேல் உள்ளிட்ட நெருங்கிய கூட்டாளிகளின் விஷயத்தில் அறிவிப்புக் காலம் பதினைந்தே நாள். குடியரசுத் தலைவர் வீட்டோ செய்தால் மூன்றில் இரு பங்கு வாக்கு வேண்டும். இவ்வழியில் எந்த நாட்டுக்குமான எந்த விற்பனையும் இதுவரை தடுக்கப்பட்டதில்லை. மனித உரிமையை மோசமாக மீறிய படைப்பிரிவுகளுக்கு உதவி கூடாது என்கிறது 1997இல் வந்த லேஹி சட்டம். 2024 ஏப்ரலில் அமெரிக்க வெளியுறவுத்துறை, அக்டோபர் 7க்கு முந்தைய நிகழ்வுகளில் ஐந்து இஸ்ரேலியப் பிரிவுகள் அப்படி மீறியதாகக் கண்டது. நான்கு பிரிவுகளின் விஷயத்தில் இஸ்ரேல் திருத்த நடவடிக்கை எடுத்துவிட்டது என்றது. ஐந்தாவதையும் ஆகஸ்டில் விடுவித்தது. எந்தப் பிரிவின் உதவியும் நிற்கவில்லை. சட்டம் இல்லாததால் நேர்ந்ததன்று இது. மீறல் நடந்தது என்று கண்ட பிறகும், ஓட்டத்தை நிறுத்தாமல் இருப்பதற்கான வாசல் அந்தச் சட்டத்துக்குள்ளேயே இருந்தது.

கடிவாளம் இழுக்கப்பட்ட தருணங்கள்

அமெரிக்காவால் இஸ்ரேலைத் தடுக்கவே முடியாது என்று இதற்குப் பொருளில்லை. 1982 ஆகஸ்ட் 12 அன்று பெய்ரூட் மீதான குண்டுவீச்சைக் கண்டு கொதித்த ரீகன் இஸ்ரேலியப் பிரதமர் பெகினைத் தொலைபேசியில் அழைத்தார். குண்டுவீச்சு அன்றே நின்றது. 1991இல் மூத்த புஷ், சோவியத் யூதர்களைக் குடியமர்த்த ஷமீர் அரசு கேட்ட 1,000 கோடி டாலர் கடன் உத்தரவாதத்தை, ஆக்கிரமித்த நிலத்தில் குடியேற்றங்கள் தொடர்வதைக் காட்டித் தாமதப்படுத்தினார். அடுத்த ஆண்டு ஷமீர் தேர்தலில் தோற்று ராபின் வந்த பிறகே உத்தரவாதம் கிடைத்தது. 2025 செப்டம்பரில் கத்தார் தலைநகர் தோஹாவை இஸ்ரேல் தாக்கியபின், டிரம்ப் நெதன்யாகுவைக் கத்தாரிடம் வருத்தம் தெரிவிக்க வைத்தார். அக்டோபரில் காசாவில் போர்நிறுத்தம் வந்தது.

இவற்றைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று தெரியும். 1991இல் புஷ் நிறுத்திவைத்தது புதிதாகக் கேட்கப்பட்ட உத்தரவாதத்தை. ஆண்டுக்கு 300 கோடி டாலராக இருந்த வழக்கமான உதவியை அவர் தொடவில்லை. 1981இல் ஈராக்கின் அணு உலையை இஸ்ரேல் தகர்த்தபோது ரீகன் சில எஃப்-16 விமானங்களைச் சில வாரங்கள் தாமதப்படுத்தினார். 1982இல் லெபனானில் பயன்படுத்தப்பட்ட கொத்துக்குண்டுகளை மட்டும் நிறுத்தினார். 2024இல் பைடன் நிறுத்தியதும் ஒரு தொகுதியை. வழக்கமான உதவி ஓடும் பெருங்குழாய்க்கு வெளியே தனியாகக் கிடந்த பொருளைத்தான் ஒவ்வொரு முறையும் கை தொட்டிருக்கிறது. ஐசனோவரால் முழு அழுத்தம் தர முடிந்ததற்கு அவருடைய நேர்மை ஒரு காரணம். அப்போது குழாயே இல்லை என்பது இன்னொரு காரணம். அவர் மிரட்டியது பொருளாதாரத் தடையைக் காட்டி. உடைக்க வேண்டிய ஆயுத ஒப்பந்தம் எதுவும் அவர் முன்னால் இல்லை.

ஆதரவு பெறும் நாடும் இதை அறிந்தே வைத்திருக்கிறது. புரவலர் கையில் தொலைபேசி இருக்கிறது, கத்தரிக்கோல் இல்லை என்று தெரிந்தவன், அழைப்பு வரும்வரை காத்திருப்பான், வந்ததும் சற்று ஒதுங்குவான், பிறகு தொடர்வான். மேற்குக் கரைக் குடியேற்றங்களின் வரலாறு இதுவேதான். அவற்றை ஒவ்வொரு அமெரிக்க அரசும் ஏதோ ஓர் அளவில் தடை என்றோ சட்டவிரோதம் என்றோ சொல்லியிருக்கிறது, டிரம்பின் காலம் நீங்கலாக. குடியேற்றங்கள் ஒவ்வோராண்டும் வளர்ந்தன.

மறுப்புகள்

செல்வாக்குக் குழு வாதத்தைத்தான் நான் வேறு பெயரில் சொல்கிறேன் என்று ஒருவர் மறுக்கலாம். அந்தக் குழாயைப் பதித்தவர்களும் அவர்கள்தாமே? ஓரளவு ஆம். ஆனால் பதித்தவர்கள் அவர்கள் மட்டுமா? எகிப்துக்கும் ஆண்டுக்கு 130 கோடி டாலர் இராணுவ உதவி 1980களிலிருந்து போகிறது. இஸ்ரேலுடன் செய்துகொண்ட 1979 சமாதான உடன்படிக்கையின் விலை அது. கெய்ரோவுக்கு ஐபேக் கிடையாது. 2013 இராணுவக் கவிழ்ப்பிற்குப் பின்னும், ஒரு பகுதி மட்டும் சில காலம் நிறுத்தப்பட்டு, 2015இல் உதவி மீண்டும் ஓடியது. கட்டுமானம் ஒன்று அமைந்துவிட்டால், அதற்குக் காவல் நிற்கும் குழு இல்லாமலே பெருமளவு தானாக ஓடும் என்பதற்கு எகிப்து சான்று. குழு இருந்தால் அது தடம்புரளவே புரளாது என்பதற்கு இஸ்ரேல் சான்று.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. எல்லாவற்றையும் இயந்திரத்தின் தலையில் போட்டால் மனிதர்களின் பொறுப்பு கரைந்துவிடாதா? கரையக் கூடாது. இயந்திரம் என்று நான் சொன்னதன் ஒவ்வொரு பல்லும் ஒரு கையெழுத்து. 2007இல், 2016இல், 2024 ஏப்ரலில் யார் கையெழுத்திட்டார்கள் என்பது பதிவாகியிருக்கிறது. ஆயுத மாற்றங்களைக் கையாளும் வெளியுறவுத்துறைப் பிரிவில் இருந்த ஜாஷ் பால் 2023 அக்டோபரில் பதவி விலகினார். அந்த அலுவலகத்திலும் ஒருவர் எழுந்து போக முடியும் என்பதை அவர் காட்டினார். எழுந்து போகாதவர்களும் தேர்ந்துகொண்டவர்களே. முடிவெடுக்காமலிருப்பது எளிதாக்கப்பட்டிருக்கிறது என்று சொல்வது, முடிவெடுக்காதவர்களை மன்னிப்பதாகாது. காசாவில் ஒரு குடியிருப்பின் மீது விழும் குண்டுக்கு, அதை அனுமதித்தது ஒரு மனிதரா ஒரு நடைமுறையா என்ற வேறுபாடு இல்லை. நமக்கு அந்த வேறுபாடு தேவை. எங்கே கை வைத்தால் அது நிற்கும் என்று அறிவதற்காக.

மூன்றாவதாக, பொதுக்கருத்து மாறும் வேகத்தைப் பார்த்தால் இந்த அமைப்பு விரைவில் உதிரும் என்பார்கள் சிலர். மாற்றம் உண்மையே. 2024 நவம்பரில் பெர்னி சாண்டர்ஸ் கொண்டுவந்த ஆயுதத் தடைத் தீர்மானங்களுக்குச் செனட்டில் 20 வாக்குகூடக் கிடைக்கவில்லை. 2025 ஜூலையில் துப்பாக்கி விற்பனைக்கு எதிரான தீர்மானம் 27 வாக்குகள் பெற்றது. ஜனநாயகக் கட்சி அணியின் செனட்டர்களில் இது பாதிக்கும் மேல். ஆயினும் நூறு பேர் கொண்ட அவையில் 27 என்பது, வீட்டோவை முறியடிக்கத் தேவையான 67க்கு வெகு தொலைவில் நிற்கிறது. கருத்து ஆண்டுக்கணக்கில் நகர்கிறது. ஒப்பந்தங்கள் பத்தாண்டுக் கணக்கில் போடப்பட்டிருக்கின்றன. உதவியின் வடிவத்தை மாற்ற முடியும் என்பதற்கும் முன்னுதாரணம் உண்டு. ஆண்டுக்கு 120 கோடி டாலராக இருந்த பொருளாதார உதவி 1990களின் இறுதியில் தொடங்கிப் பத்தாண்டுகளில் முற்றிலும் நிறுத்தப்பட்டது. ஆனால் குறைந்த தொகையில் பாதி, அதே கால அட்டவணைப்படி இராணுவ உதவியில் சேர்க்கப்பட்டது. நிறுத்தம்கூட இங்கே ஒரு தொடர்ச்சியாக வடிவமைக்கப்பட்டது.

எனவே, தொடர்வதற்கே ஒரு முடிவு தேவைப்படும் தருணங்கள்தான் இந்த அமைப்பின் உண்மையான திறப்புகள். பத்தாண்டுகளுக்கு ஒருமுறை, ஒப்பந்தம் காலாவதியாகும்போது மட்டும் அவை வருகின்றன. அந்த ஒரு முறையாவது யாரேனும் ஓர் எண்ணைச் சொல்லியாக வேண்டும், அதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும், பெயரைப் போட்டாக வேண்டும். 2016இல் அது தேர்தலுக்கு எட்டு வாரங்களுக்கு முன், பதவிக்காலம் முடிந்து செல்லவிருந்த ஒருவரின் அரசால், வாக்காளர் எவரும் கேள்வி கேட்குமுன் முடிக்கப்பட்டது. இப்போது நடப்பிலிருக்கும் ஒப்பந்தத்தின் கடைசி நிதியாண்டு 2028 செப்டம்பர் 30 அன்று முடிகிறது. அடுத்த குடியரசுத் தலைவர் தேர்தல் அதன்பின் ஐந்தே வாரத்தில், நவம்பர் 7 அன்று.